பக்கத்து நாற்காலி

அத்தியாயம் 7

போன வாரம் அவளை ஏரிக்கரைப் புல்வெளியில், கணவன் கையைப் பிடித்தபடி பாட்டுக் கேட்க விட்டுவிட்டு வந்தோம். கை இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது.

கல்யாணமான புதிதில் கணவன் எதைச் சொன்னாலும் கொஞ்சலாகத்தான் தெரியும். "என் முகத்தைப் பார்த்துப் பேசு" என்றான். வெட்கப்பட்டாள். "எப்பவும் எனக்கு வலது பக்கமா உட்காரு" என்றான். உட்கார்ந்தாள். வெயில் கால இசை விழாவுக்குத் தேனிலவு போகலாம் என்றான். தோழிகளெல்லாம் மலையையும் கடலையும் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். தனக்கு மட்டும் பாட்டும் கூட்டமுமாக ஒரு பயணம் வாய்த்ததே என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

கூடவே அவன் அக்காவும் வந்தாள். அதுதான் கொஞ்சம் நெருடியது.

"அக்கா அங்க பாடறா. நான் அவளுக்கு சவுண்டு. ஒரே ஒரு சாயங்காலம்தான். மத்த நாளெல்லாம் நமக்கு" என்றான்.

மற்ற நாட்கள் உண்மையிலேயே அவர்களுடையதாகத்தான் இருந்தன. சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் ஏரி, மூடினால் அனல். காலையில் நேரம் கழித்து எழுந்தார்கள். கடைத்தெருவில் ஒரே மாதிரி இரண்டு தொப்பி வாங்கினார்கள். அவனுக்குச் சிறியதாக இருந்தது, அவளுக்குக் கண்ணை மறைத்தது. மாற்றிக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை, இரண்டும் ஒரே அளவு. வெயில் சாய்ந்ததும் மேடை மேடையாகப் போய்ப் புல்லில் உட்கார்ந்தார்கள்.

அங்கேதான் அவன் அந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தான். பாட்டு நடக்கும்போது அவள் கை அவன் கைக்குள் இருக்க வேண்டும். ஓசை எங்கே காதைக் கூசச் செய்கிறதோ அங்கே அழுத்த வேண்டும். கொஞ்சம் கூசினால் கொஞ்சம். நிறையக் கூசினால் நிறைய.

"எதுக்கு?" என்று கேட்டாள்.

"நீ கேட்கறதை நானும் கேட்கணும்."

அதைவிட அழகாக யாரும் அவளிடம் எதுவும் சொன்னதில்லை. அழுத்தினாள். நாளாக ஆக அந்த விளையாட்டில் தேறிவிட்டாள். அவள் தொழிலே காதுதான். ஆஸ்பத்திரியில், ஒலி புகாத ஒரு சின்ன அறையில், வருகிறவர்களின் காதில் ஹெட்போனை மாட்டி, எந்த ஓசை வரைக்கும் கேட்கிறது, எங்கே நின்றுபோகிறது என்று சோதித்துச் சொல்கிறவள். நாத்தனார் அவளுக்கு 'டாக்டரம்மா' என்று பெயர் வைத்திருந்தாள்.

"நான் டாக்டர் இல்ல அண்ணி."

"தெரியுமே. அதனாலதான் அப்படிக் கூப்பிடறேன்."

இன்று அந்த ஒரே ஒரு சாயங்காலம்.

*

மத்தியான வெயிலில் புல்வெளி காலியாகக் கிடந்தது. நடுவில் ஒரு கூடாரம். அதற்குள் மிக்ஸர் மேசை. வரிசை வரிசையாகப் பொத்தான்களும், ஓசையைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டைகளும். மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. இன்னொன்றை அவனே எங்கிருந்தோ தூக்கி வந்து, கைக்குட்டையால் துடைத்து, வலது பக்கத்தில் போட்டான்.

"மகாராணி உட்காரணும்."

உட்கார்ந்தாள். கையில் கப் ஐஸ்கிரீம். இன்னொரு கை வழக்கம்போல அவன் கைக்குள்.

மேடையில் நாத்தனார் மைக்கைப் பிடித்து மெல்ல முனகினாள். மேளக்காரரும் புல்லாங்குழல்காரரும் தங்கள் பாட்டுக்கு ஏதோ தட்டிக்கொண்டும் ஊதிக்கொண்டும் இருந்தார்கள். அவன் அவளிடம் ஏரிக் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். சாயங்காலம் காற்று திரும்பும், குரலைத் தூக்கிக்கொண்டு கரைக்கு அந்தப் பக்கம் போட்டுவிடும், அதற்குத் தகுந்த மாதிரி வைக்க வேண்டும் என்றான். தொழிலைப் பற்றிப் பேசும்போது அவன் முகம் சிறுவன் முகமாகிவிடும்.

அப்போது அது தொடங்கியது. ஊசி முனைபோல ஓர் ஓசை. மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பார்த்துக் கூவ ஆரம்பிக்கும் அந்தக் கூவல். முதலில் மெல்லிசாக, பிறகு ஏறி, இன்னும் ஏறி. மேடைக்கு அடியில் தூங்கிய நாய் எழுந்து போயிற்று. ஐஸ்கிரீம்காரர் காதில் விரலை விட்டுக்கொண்டார். மேளக்காரர் கையைத் தூக்கி ஏதோ கத்தினார்.

அவள் அவனைப் பார்த்தாள். இதோ தள்ளுகட்டையை இறக்கப்போகிறான் என்று காத்திருந்தாள்.

"அந்தக் காத்து இருக்கே, அது ரொம்ப மோசக்காரக் காத்து" என்றான், சிரித்துக்கொண்டு.

அவள் மேடையைப் பார்த்தாள். நாத்தனார் தம்பியைப் பார்த்துக் கத்தவில்லை. தம்பியைப் பார்க்கவே இல்லை. அவனைத் தாண்டி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையைத் தூக்கி, விரல்களை மடக்கித் திறந்தாள். மறுபடி மடக்கினாள்.

அழுத்து.

அவள் அழுத்தினாள். அவன் பேச்சை நிறுத்தாமலேயே, மறு கையால் எதையோ இறக்கினான். கூவல் அடங்கியது.

"பார்த்தியா? நாம ரெண்டு பேரும் ஒரே ஆள்" என்றான்.

ஐஸ்கிரீம் அவள் மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது.

அவன் எழுந்து மேசைக்கு அடியில் குனிந்து கம்பிகளைச் சரிசெய்யப் போனான். அவள் அவனுக்குப் பின்னால் வந்து நின்றாள். காலிக் கப்பை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். அது அவள் வேலைப் பழக்கம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்கள் சோதனையில் தேறிவிடக் கூடாது என்பதற்காக வாயை மறைத்துக்கொண்டு பேசுவாள். எத்தனையோ பேர் அவளிடம் அப்படி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் ஒருவன் ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது மட்டும் அவளுக்கு அது காதலாகத் தெரிந்தது.

"தண்ணி வேணுமா?" என்றாள்.

பதில் இல்லை.

ஓர் அடி நெருங்கினாள். "என்னங்க, தண்ணி வேணுமா?"

அவன் ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

இன்னும் நெருங்கினாள். அவன் சட்டென்று திரும்பினான். அவள் நிழல் மேசைமேல் விழுந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் திரும்பினான்.

"என்ன, இங்க நிக்கறே? வெயில் படுது பார்."

கப்பைக் கீழே போட்டாள். "ஒண்ணுமில்ல. அண்ணியைப் பார்த்துட்டு வர்றேன்."

*

மேடைக்குப் பின்னால் துணி தடுத்த ஒரு மூலை. நாத்தனார் கண்ணாடி முன் உட்கார்ந்து வெந்நீரைச் சின்னச் சின்ன வாயாகக் குடித்துக்கொண்டிருந்தாள். கச்சேரி நாளில் அவள் அதிகம் பேச மாட்டாள். குரலைப் பொத்தி வைத்திருப்பாள்.

"எவ்வளவு நாளா அண்ணி?"

"எது?"

"எனக்கே காது குத்தாதீங்க."

நாத்தனார் கண்ணாடிக்குள்ளிருந்தே அவளைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "உனக்கு வாய் இவ்வளவு நீளம்னு பொண்ணு பார்க்க வந்தப்ப தெரியல."

"நீங்க வாயைப் பார்க்கல."

"இல்ல. பொண்ணு பார்க்கப் போறவங்க மூக்கைப் பார்ப்பாங்க, முடியைப் பார்ப்பாங்க. நாங்க காதைப் பார்த்தோம். அவ்வளவுதான் வித்தியாசம்."

அவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. பெண் பார்க்க வந்தவர்களில் நாத்தனார் ஒருத்திதான், நீ வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். கழற்றி, "இதை நீ போட்டுக்கோ. உனக்கு எதுவரைக்கும் கேட்குதுன்னு காட்டேன்" என்றாள். அவள் வேடிக்கையாக மாட்டிக்கொண்டு, கூடவே வேலை செய்யும் பெண்ணிடம் கருவியை இயக்கச் சொன்னாள். எல்லா ஓசையும் கேட்டது. மெல்லிசிலும் மெல்லிசு கேட்டது. நாத்தனார் முகம் மலர்ந்தது. அன்று வீடு திரும்பியதும் அவள் தன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாள்: "அவங்க வீட்டுல வேலைக்குப் போற பொண்ணுக்கு மதிப்புக் குடுக்கறாங்கப்பா."

"யோசனை யாரோடது?" என்று கேட்டாள் இப்போது.

"என்னோடது. சரின்னு சொன்னது அவன்." நாத்தனார் வெந்நீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "நான் சுத்தி வளைக்க மாட்டேன் டாக்டரம்மா. வேற எவன் அந்த மேசையில உட்கார்ந்தாலும் என் குரல் தகரம். இவன் உட்கார்ந்தா வெண்ணெய். எனக்கு வயசாகுது. இனிமே எனக்கு வெண்ணெய் இல்லாம ஆகாது."

"காட்டியிருக்கலாமே. எங்க ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கலாம்."

"வந்தா என்ன சொல்வீங்க?"

அவள் மணிக்கட்டில் ஒட்டியிருந்த ஐஸ்கிரீமைத் துடைத்தாள்.

"வேலையை விடுன்னு சொல்வீங்க. அது வெளியில கசியும். சமையல்காரனுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா எவன் இலை போட்டு உட்காருவான்?"

"தினம் அந்த ஸ்பீக்கர்களுக்கு நடுவுல உட்கார்ந்தா இருக்கறதும் போயிடும் அண்ணி. திரும்ப வராது. கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி இதுக்கு மிஷின் மாட்டலாம்தான். ஆனா பாட்டு பாட்டா கேட்காது."

"போகட்டும்னா சொல்றேன்?" நாத்தனார் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். "அதுக்குத்தானே நீ."

அவள் வெளியே வந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வாயெல்லாம் கசந்தது.

*

டீக்கடையில் விழா மேலாளர் நின்றிருந்தார். பருத்த மனிதர். இடுப்பில் ஒரு வாக்கி டாக்கி எப்போதும் கரகரத்துக்கொண்டிருக்கும். அவளைப் பார்த்ததும் டம்ளரோடு வந்தார்.

"உங்களைத்தாம்மா பார்க்கணும்னு இருந்தேன். வாழ்த்துகள். இந்தக் காலத்துல யார் செய்வா இதை?"

"எதை?"

"வேலையை விட்டுட்டீங்களாமே. இன்னிக்குக் கச்சேரி நல்லா அமைஞ்சா உங்க வீட்டுக்காரர் சீசன் முழுக்க எங்களோட. ஊர் ஊரா போகணும். புது மாப்பிள்ளை, விட்டுட்டு வருவாரான்னு சந்தேகமா இருந்துச்சு. அவ வேலையை விட்டாச்சு, கூடவே வர்றான்னார். அக்காவுக்கும் ஒவ்வொரு ஊர்லயும் ஒரு மேடை. குடும்பமா வந்தா எங்களுக்கும் நிம்மதி."

"எப்ப சொன்னார்?"

"போன மாசமே."

போன மாதம் அவளுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. புடவைக் கடையில் நின்றுகொண்டிருந்தாள். லீவு முடிந்து திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அந்தச் சின்ன அறையில் அவள் சொன்னால் சொன்னதுதான். பெரிய டாக்டர்கூட அவள் கோடு போட்ட படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். வீட்டில் கடைக்குட்டி, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு. அந்த அறையில்தான் முதன்முதலாக அவள் பேச்சுக்கு எடை வந்தது.

அவன் கூடாரத்துக்குப் பின்னால், நிழலில், பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். அவள் எதிரே நின்றாள். முகம் தெரியும்படி நின்றாள்.

"என் வேலையை நான் எப்ப விட்டேன்?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "உளறிட்டாரா?"

"உளறல. சந்தோஷமா சொன்னார்."

"இன்னிக்குக் கச்சேரி முடியட்டும், அப்புறம் உன்கிட்ட பேசலாம்னு இருந்தேன்."

"என்ன பேசியிருப்பீங்க?"

"பேச்சென்ன பேச்சு. கால்ல விழுந்திருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதுதான் அவனிடம் உள்ள கஷ்டம். முழுசாகக் கோபப்பட விடமாட்டான்.

"எது முதல்ல பிடிச்சுது? நானா, காதா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது. "காது" என்றான். "அது முதல் நாள். மறுநாள் ஃபோன்ல பேசினியே, அப்ப நீ."

"அப்ப நான் என்ன பேசினேன்?"

"பாதி புரியல. நீ சிரிச்சது மட்டும் நல்லா கேட்டுச்சு. இதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும்னு தோணுச்சு."

அவள் வேறு பக்கம் திரும்பப் போனாள். திரும்பினால் அவனுக்குக் கேட்காது என்று நினைவு வந்து, திரும்பாமல் நின்றாள். அந்த ஒரு சின்ன எண்ணமே அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. இனி கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியாதா?

"முதல்ல காதைச் சோதிக்கணும். திங்கக்கிழமை என்கூட வாங்க."

"வேண்டாம்."

"ஏன்?"

"வேற யாராவது சொன்னா, போடான்னு வந்துடுவேன். நீ சொன்னா அது நிஜமாயிடும்." கெஞ்சுகிற மாதிரி அவளைப் பார்த்தான். "கீச்சு ஓசை பக்கம், ஓரத்துல கொஞ்சம் மழுங்கியிருக்கு, அவ்வளவுதான். மத்ததெல்லாம் முழுசா இருக்கு. நீ பக்கத்துல இருந்தா யாருக்கும் தெரியாது. இன்னிக்கு மட்டும் உட்காரு. இல்லன்னா அக்கா மானம் போயிடும்."

"என் மானம்?"

மைக் சோதிக்கக் கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

*

வெயில் சாய்ந்து, ஏரிமேல் வெளிச்சம் படர்ந்திருந்தது. புல்வெளி நிறைந்துவிட்டது. விரிப்பு, கூடை, கைவிசிறி, குழந்தைகள். சின்னப் பிள்ளைகள் ஸ்பீக்கருக்கு முன்னால் ஓடிப் பிடித்து விளையாடினார்கள்.

நாற்காலி காலியாக இருந்தது. அவன் அதைப் பார்ப்பதும் கூட்டத்தைப் பார்ப்பதுமாக நின்றான். அவள் கூட்டத்துக்குள்ளிருந்து வந்து உட்கார்ந்தபோது அவன் விட்ட பெருமூச்சு பக்கத்தில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்கும்.

"தேங்க்ஸ்" என்றான். கையை நீட்டினான்.

அவள் கையை வைத்தாள். மனைவியாக வைக்கவில்லை. அவள் தன் அறையில் உட்காருவதுபோல உட்கார்ந்தாள். ஓரத்தில் கொஞ்சம் என்றானே, அந்த ஓரம் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

நாத்தனார் தொடங்கினாள். சொன்னது பொய்யில்லை, வெண்ணெய்தான். பகலில் குத்தும் அந்தக் குரல் ஸ்பீக்கர் வழியாக வரும்போது முனை மழுங்கி, சதை பிடித்து, புல்வெளி முழுக்கப் பரவியது. அவன் விரல்கள் மேசைமேல் எறும்புபோல ஊர்ந்தன. காது மழுங்கியும் இவ்வளவு என்றால், காது இருந்தபோது இவன் எப்படி இருந்திருப்பான் என்று நினைத்தாள்.

முதல் பாட்டில் எல்லாவற்றுக்கும் சரியாக அழுத்தினாள். இரண்டாவதில் ஓர் அழுத்தத்தை விட்டாள். மேளக்காரரின் பித்தளைத் தட்டு ஓசை சிதறித் தெறித்தது. முன்வரிசையில் ஒரு பெண் முகத்தைச் சுளித்தாள். அவன் அசையவில்லை. அவள் அழுத்தினாள், உடனே இறக்கினான்.

அது எதிர்பார்த்ததுதான். அடுத்து புல்லாங்குழல். குழல் மேலே மேலே போயிற்று. கூட்டத்தில் தலைகள் ஆடின. அவன் தலையும் ஆடியது. குழல் சட்டென்று நின்றது. கூட்டத்தின் தலைகளும் நின்றன. அவன் தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, ஊதுகிறவர் குழலை உதட்டிலிருந்து எடுக்கும் வரை.

அவன் கேட்கவில்லை. ஊதுகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓரம் இல்லை. நடு வரைக்கும் வந்துவிட்டது. அவள் அறைக்கு இப்படி வந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். பட்டறைக்காரர்கள், வெடி வைக்கிறவர்கள். எல்லோரும் 'கொஞ்சம்தான்' என்றுதான் சொல்வார்கள். அடுத்த முறை வரும்போது பெண்டாட்டி கையைப் பிடித்து அழைத்துவருவாள். கேள்விக்கெல்லாம் அவளே பதில் சொல்வாள்.

கடைசிப் பாட்டு. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். மேளம் ஓய்ந்தது. குழல் ஓய்ந்தது. குரல் மட்டும் மேலே ஏறி, மெலிந்து, நூலாகி, அந்த நூலும் அறுந்துபோகாமல் இழுபட்டுக்கொண்டே இருந்தது. குழந்தைகள்கூட ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

அவன் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தான்.

கூட்டம் அசையாமல் இருந்தது. மேடையில் அக்கா கண் மூடியிருந்தாள். உதடு சற்றே திறந்து அப்படியே நின்றிருந்தது. பார்த்துத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. அவன் திருப்தியோடு, மைக்கை மூட, தள்ளுகட்டைமேல் விரலை வைத்தான். இறக்கத் தொடங்கினான்.

அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதியப் பிடித்தாள். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் தலையை அசைத்தாள். இல்லை. இன்னும் பாடுகிறாள்.

அவன் மேடையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி மேடையைப் பார்த்தான். அவன் கண்ணில் அப்போது தெரிந்த பயத்தை அவள் தன் அறையில் எத்தனையோ பேர் கண்ணில் பார்த்திருக்கிறாள். தன் சொந்தக்காரர் யாருடைய கண்ணிலும் பார்த்ததில்லை.

நூல் மெல்ல மெல்ல ஏரிக்குள் கரைந்தது. ஒரு மூச்சு நேரம் அமைதி. பிறகு புல்வெளியே எழுந்து நின்று கைதட்டியது.

*

கைதட்டல் ஓய்வதற்குள் அவன் பழையபடி ஆகிவிட்டான். பயத்தை எங்கே வைத்தான் என்று தெரியவில்லை. வந்தவர்கள் கையெல்லாம் குலுக்கினான். கண் பளபளத்தது.

"பார்த்தியா? யாருக்கும் தெரியல" என்றான் அவளிடம், குனிந்து. அவன் குரல் கொஞ்சம் உரக்க இருந்தது. எவ்வளவு உரக்க என்று அவனுக்குத் தெரியாது.

ஆட்கள் நாற்காலிகளை மடக்கிச் சாத்திக்கொண்டிருந்தார்கள். அடுத்த மேடையில் யாரோ தாளம் போட ஆரம்பித்தார்கள். மேலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் வேர்வையும் சிரிப்பும்.

"என்ன மாயம்ய்யா பண்ணினே? அந்தக் கடைசி இழை இருக்கே, உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. சுத்தமா, ஒரு தூசி இல்லாம கொண்டுவந்தே."

அவன் அவர் வாயைக் கவனமாகப் பார்த்துக்கொண்டே சிரித்தான். "எல்லாம் அக்கா குரல் சார்."

"நாளைக்குக் காலையில லாரி கிளம்புது. ரெடிதானே?"

"ரெடி சார். ரெண்டு பேரும்."

"நீங்க என்னம்மா சொல்றீங்க? அவர் மட்டும் சொன்னா போதுமா?" மேலாளர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சிறுவன் முகம். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னால் அவனுக்குப் புரிந்துவிடும். கெஞ்சுவான். ஏதாவது வேடிக்கையாகச் சொல்வான். அவள் சிரித்துவிடுவாள். சிரித்தால் லாரி ஏறிவிடுவாள். பிறகு ஊர் ஊராக, அவன் காது மீதியும் தீர்ந்துபோகும் வரை, அவன் கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவனைக் கேட்காமல் அவனைப் பற்றி முடிவு செய்வது நியாயமா என்று ஒரு கணம் தோன்றியது. அவளைப் பற்றி முடிவு செய்தபோது அவளை யார் கேட்டார்கள் என்று அடுத்த கணம் தோன்றியது. இரண்டாவது எண்ணத்தில் அவளுக்கே ஒரு கெட்ட ருசி தட்டியது. இருந்தாலும் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேலாளருக்கு நேராக நின்றாள்.

"இவரை எடுக்காதீங்க சார்."

"என்னம்மா?"

"இவருக்குக் காது போய்க்கிட்டிருக்கு. பாதிக்கு மேல போச்சு. எனக்கு அதுதான் தொழில், தெரிஞ்சுதான் சொல்றேன். இந்த சீசன் அங்க உட்கார்ந்தா மீதியும் போயிடும். இன்னிக்கு நீங்க கேட்டது என் காது."

சொல்லி முடிக்கும் வரை அவள் குரல் நடுங்கவில்லை. அவள் அறையில் பேசுகிற குரல் அது.

மேலாளரின் சிரிப்பு வாயில் அப்படியே நின்றுபோயிற்று. இடுப்பில் வாக்கி டாக்கி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை.

பின்னாலிருந்து அவன் கை வந்து அவள் தோளில் விழுந்தது. சூடான, உரிமையான கை.

"ஆமா சார்" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. "அவ என்ன சொல்றாளோ அதுதான் என் முடிவும்."

மேலாளர் அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார். பார்க்கக் கூசினவர்போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அவனுக்குக் கேட்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி, தம்பியைக் கட்டிக்கொள்ள இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்து அவன் பின்னால் நின்ற நாத்தனாருக்கு ஓர் எழுத்து விடாமல் கேட்டது.